உறையுளும் வளியின் ஈரமும்

உணவும் உடையும் உறையுளும் மாந்தர்க்கு இன்றியமையாத மூன்று என்பர். இவற்றுள் உறையுள் என்பது வெயிலையும் மழையையும் தடுக்கும் கூரையும் சுவரும் மட்டுமன்று. அதனுள் அடைபட்டிருக்கும் வளியும் உறையுளின் ஒரு பகுதியேயாகும். அவ்வளி எத்துணை வெப்பமுடையது என்பதை எவரும் உடனே உணர்வர். அது எத்துணை ஈரமுடையது என்பதையோ பலர் உணர்வதில்லை. கண்ணுக்குத் தோன்றாத நீராவியாய் நிற்கும் அவ்வீரம் குறையினும் கூடினும் மாந்தரின் உடலுக்கும் அவர் போற்றும் பொருள்களுக்கும் வீட்டுக்குமே கேடு விளைகின்றது. யாழ்ப்பாணத்தவர் இன்று குடாநாட்டில் மட்டுமன்றிக் கனடா முதலிய கடுங்குளிர் நாடுகளிலும் பெருந்தொகையினராய் வாழ்கின்றனர். ஆதலின், ஒன்றுக்கொன்று மாறான இவ்விரு நிலங்களிலும் வீட்டினுள் ஈரம் எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறிந்து கொள்ளல் பயனுடைத்து.

வளியானது தன் வெப்பநிலைக்கேற்ப ஓர் அளவு நீராவியையே தாங்க வல்லது. ஒரு கன மீற்றர் வெளியில் நிற்கக்கூடிய நீராவியின் உச்ச அளவு 30 பாகை செல்சியசில் ஏறக்குறைய 30 கிராம். 20 பாகையில் 17 கிராமுக்குச் சற்று மேல். உறைநிலையில் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு. உறைநிலைக்குக் கீழ் 10 பாகையில் 2 கிராமளவே. உள்ள ஆவிக்கும் இவ்வுச்ச அளவுக்கும் இடையேயுள்ள விகிதமே சாரீரப்பதன் எனப்படும். அதனை நூற்றுவீதத்தாற் கூறுவர். வளியைக் குளிரச் செய்தால் உள்ள ஆவியே போதியதாகி, நூற்றுக்கு நூறு என்னும் நிலை ஒரு வெப்பநிலையில் எய்தப்படும். அதுவே பனிபடுநிலை. அதனினுங் குளிர்ந்த பொருள் எதனை அவ்வளி தீண்டினும், அதன்மேல் ஆவி ஒடுங்கி நீர்த்துளியாகும். குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் புறத்தே முத்து முத்தாய் அரும்பும் நீர் செம்பினின்று கசிந்ததன்று. சூழ்ந்த வளியினின்று வந்தது. இவ்வொரு செய்தியை மனத்திற் கொண்டார்க்குப் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

யாழ்ப்பாணக் குடாநாடு மூன்று புறமும் கடலாலும், உள்ளே கடனீரேரிகளாலும் சூழப்பட்டது. இங்கே வளி ஆண்டு முழுவதும் ஈரமுடையது. வெப்பநிலை 30 பாகையாகவும் சாரீரப்பதன் நூற்றுக்கு 75 ஆகவும் உள்ள ஒரு நாளில், ஒரு கன மீற்றர் வளியில் 22 கிராமுக்கு மேற்பட்ட நீர் ஆவியாய் நிற்கின்றது; அவ்வளியின் பனிபடுநிலை 25 பாகையாகும். ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொணருங்காலத்து ஈரம் மிகும். பங்குனி சித்திரை வெயிலிலும் சோழகம் வீசும் மாதங்களின் நண்பகலிலும் அது தணியும். நூலறிவு பெறாத குடியானவரும் இவ்வேறுபாட்டைத் தம் தொழிலினூடே நுணுக்கமாக அறிந்து வைத்திருந்தனர். வெயிலிற் காய்ந்த ஒடியல், பெயருக்கேற்ப ‘படக்’ கென ஒடியும். மாரியில் அதுவே துவண்டு பூஞ்சணம் பூக்கும். பதப்படுத்திய புகையிலை, உலர்ந்த நண்பகலிற் கையிற் பட்டவுடன் நொறுங்கும். விடியற்காலத்து ஈரத்தைக் குடித்தபின் மடிக்கவும் கட்டவும் இசையும். ‘பதம்’ என்று அவர் குறித்தது பொருளுக்கும் வளியீரத்துக்கும் இடையே அமையும் சமநிலையையே.

இவ்வறிவு அவர் கட்டிய வீடுகளிலும் விளங்கிற்று. நாற்சார் வீட்டின் நடுவே வானம் நோக்கிய முற்றம் உண்டு. வெப்பமுற்ற வளி அதன் வழியே மேலெழ, திண்ணையும் விறாந்தையும் வாயிலாகப் புதுவளி உட்புகும். அடுக்களை தலைவீட்டினின்று பிரித்து அமைக்கப்பட்டமையால், உலைநீரின் ஆவியும் புகையும் உறங்கும் அறைகளை அடைவதில்லை. சுண்ணாம்புச் சாந்து பூசிய கற்சுவரும், மண்சுவரும், சாணம் மெழுகிய தரையும் நுண்டுளைகள் நிறைந்தவை. வளியில் ஈரம் மிகும்போது அவை அதனை ஈர்த்துக் கொள்ளும். வளி உலரும்போது மீளக் கொடுக்கும். பனையோலைக் கூரையோ வெப்பத்தைத் தடுப்பதோடு தன் இடுக்குகளினூடே ஆவியையும் வெளிச்செல்ல விடும். இவ்வாறு அவ்வீடு பொறியெதுவுமின்றி, ஈரத்தைத் தன்னுள்ளே வாங்கியும் வழங்கியும் ஒரு நடுநிலையைப் பேணிற்று.

இனி, இவ்வீட்டில் வளர்ந்த முதியோர் ஒருவர் தம் மக்களுடன் வாழும்பொருட்டு ரொறன்ரோவுக்குச் செல்கின்றார் எனக் கொள்க. அங்கு முதல் மாரியிலேயே உதடு வெடிக்கின்றது. தோல் சாம்பர் பூத்தாற்போல் வரண்டு சொறிகின்றது. விடியற்காலத்து மூக்கினின்று குருதி கசிகின்றது. குளிரே இவற்றுக்குக் காரணம் என அவர் எண்ணிக் கம்பளியை இறுகப் போர்த்துகின்றார். அதனாற் பயன் விளைவதில்லை. உண்மைக் காரணம் வரட்சி. வெளியே வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் 10 பாகையாகவும், அங்குள்ள வளி ஈரமிக்கதாகவும் இருப்பினும், அதன் ஒரு கன மீற்றரில் ஏறக்குறைய 1.8 கிராம் ஆவியே அடங்கும். அவ்வளி வீட்டினுட் புகுந்து 20 பாகைக்குச் சூடேற்றப்படும்போது ஆவியின் அளவு கூடுவதில்லை. தாங்கும் ஆற்றலே 17 கிராமாக உயர்கின்றது. எனவே சாரீரப்பதன் நூற்றுக்குப் பத்தளவுக்கு வீழ்கின்றது. குடாநாட்டில் ஒரு கன மீற்றரில் 22 கிராம் நீரைச் சுவாசித்தவர், அங்கே அதில் பன்னிரண்டிலொரு கூறளவே பெறுகின்றார். உலர்ந்த வளி தன் குறையை நிறைவு செய்யும் பொருட்டு, கிடைக்கும் இடத்திலெல்லாம் நீரை ஈர்க்கும்; மூக்கின் சீதமென்சவ்வும் தோலும் அதற்கு முதலிற் பலியாகின்றன. வரண்ட குளிர்வளியில் இன்புளுவென்சாக் காய்ச்சல் எளிதிற் பரவுகின்றது என்பதையும், 2007 ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் கினிப்பன்றிகளைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வு காட்டிற்று. உயிரற்ற பொருள்களும் தப்புவதில்லை. பலாமரத்தாற் செய்த வீணை பொருத்துவாய்களில் வெடிக்கும். மிருதங்கத்தின் தோல் இறுகிச் சுருதி ஏறும்.

இதற்கு மாற்று, வீட்டு வளிக்கு ஈரமூட்டல். ஓர் அறைக்கு மட்டும் ஈரமூட்டும் சிறு கருவிகளும், உலையோடு பொருத்தி வீடு முழுவதற்கும் ஈரமூட்டும் பெருங் கருவிகளும் உள்ளன. பின்னையவற்றுள் ஒருவகையில், நீர் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும் தடித்த வலைத்தட்டினூடே சூடான வளி செலுத்தப்படும். வளி தன் வெப்பத்தைக் கொடுத்து நீரை ஆவியாக்கிக் கொண்டு அறைகளுக்குச் செல்லும். மற்றொரு வகையில், மின்னால் நீர் கொதிக்கச் செய்யப்பட்டு, அதன் கொதியாவி வளிக்குழாயினுள் விடப்படும். இரண்டிலும் செலவாகும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றே. முன்னதிற் செலவு வீட்டுலையின் கணக்கிலும், பின்னதில் மின்கட்டணத்திலும் தோன்றும் என்பதே வேறுபாடு. ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,450 கிலோயூல் மறைவெப்பம் வேண்டும். எவ்வழியிலும் இயற்கை அதனைக் கேளாது விடுவதில்லை.

ஆயினும், கருவியை வாங்குமுன் கணக்கிட்டுப் பார்த்தல் அறிவுடையார் செயல். 900 சதுர அடித் தரையும் 8 அடி உயரமும் உள்ள வீட்டின் கொள்ளளவு ஏறக்குறைய 200 கன மீற்றர். வெளிவளி இரண்டு மணித்தியாலத்துக்கொருமுறை அவ்வீட்டை முற்றாக மாற்றுகின்றது என்றால், மணித்தியாலத்துக்கு 100 கன மீற்றர் வரண்ட வளி புகுகின்றது. அதனை நூற்றுக்கு 30 என்னும் நிலைக்குக் கொணர ஒரு கன மீற்றருக்கு 3.4 கிராம் நீர் வேண்டும். நாளொன்றுக்கு இது 8 இலீற்றரளவாகும். நால்வர் கொண்ட குடும்பமொன்று மூச்சாலும் வியர்வையாலும் சமையலாலும் குளிப்பாலும் நாள்தோறும் ஏழெட்டு இலீற்றர் நீரைத் தானே வளியிற் கலக்கின்றது. ஆகவே அவ்வீட்டிற்குக் கருவி பெரும்பாலும் வேண்டுவதேயில்லை. இடுக்குகள் மலிந்து மணித்தியாலத்துக்கொருமுறை வளி மாறும் பழைய வீடாயின் தேவை 16 இலீற்றராக இரட்டிக்கும். குறை நிற்கும் 8 இலீற்றரைக் கருவி தரவேண்டும். அதற்கு நாளொன்றுக்கு ஐந்தரை அலகு மின்னுக்கு ஒப்பான வெப்பம் செலவாகும். மாறாக, நான்கு மணித்தியாலத்துக்கொருமுறை மட்டுமே வளி மாறும் இறுகிய புதுவீட்டில் தேவை 4 இலீற்றரே. எஞ்சிய ஆவி சுவரிலும் கண்ணாடியிலும் ஒடுங்கும். ஆதலின் வரண்ட வீட்டுக்கு முதல் மருந்து ஈரமூட்டும் கருவியன்று. கதவு யன்னல்களின் இடுக்குகளை அடைத்தலேயாகும். அதனால் ஈரமும் நிற்கும், எரிபொருளும் மிஞ்சும்.

இவ்வுண்மை மிகத் தெளிவாய் விளங்குவது, வட அமெரிக்காவில் ஆலையிலேயே முழுதும் ஆக்கி, உருக்குச் சட்டகத்தின் மேல் ஏற்றித் தெருவழியே கொண்டுவந்து நிறுத்தப்படும் வீடுகளிலாகும். ஒருகாலத்தில் இவை நடமாடும் வீடுகள் எனப்பட்டன. ஐக்கிய அமெரிக்காவில் இவற்றுக்கென நாடு முழுவதற்கும் பொதுவான கட்டட விதி 1976 ஆம் ஆண்டு யூன் 15 ஆந் தேதி நடைமுறைக்கு வந்தது. குறைந்த செலவிற் குடியிருப்பு வேண்டுவோர்க்கு இவை பெருந்துணை. எனினும் இவற்றின் உடலமைப்பு தனித்தன்மையது. உலை ஒரு சிறு மாடத்துள் நிற்கும். அது சூடான வளியைக் கீழ்நோக்கித் தள்ள, தரையின் அடியிலோடும் குழாய் அதனை அறைகளுக்குக் கொண்டு செல்லும். திரும்பி வரும் வளிக்கோ பெரும்பாலும் தனிக்குழாய் இல்லை. மாடக்கதவின் இடுக்குகளினூடே அது உலையை அடையும். போகும் குழாயையும் திரும்பும் குழாயையும் இணைத்துப் பொருத்தப்படும் வழமையான ஈரமூட்டி இங்கே எளிதிற் பொருந்தாமைக்கு இதுவே காரணம். உலையின் தகட்டை வெட்டித் துளைத்தல் அதற்குரிய காப்புறுதியையும் பாதுகாப்பையும் கெடுக்கக்கூடும். உலையைச் செய்தவர் ஒப்பிய கருவியையே, பயிற்சி பெற்றவரைக் கொண்டு பொருத்த வேண்டும். அன்றேல், அறையில் தனித்து நிற்கும் ஆவியாக்கும் கருவியே போதும்.

இவ்வீடுகளின் கூரைக்கும் உட்கூரைக்கும் இடையேயுள்ள வெளி ஒடுங்கியது, சுவரும் மெல்லியது. உள்ளே மிகையாய் ஊட்டிய ஈரம், விளக்குப் பொருத்திய துளை, மின்கம்பி புகும் துளை ஆகியவற்றினூடே அவ்விடத்தை அடைந்து, குளிர்ந்த பலகையில் ஒடுங்கும். அங்கே மரம் உளுக்கும், பூஞ்சணம் படரும், வீட்டார் அதனைக் காணும்போது காலம் கடந்திருக்கும். இதனைத் தடுக்கவே குளிர் நாட்டில், சுவரின் உட்புறமாக, அதாவது வெப்பமான பக்கத்தில், ஆவித்தடுப்புத் தாள் பதிக்கப்படுகின்றது. அத்தாளில் உள்ள ஓட்டைகளை அடைக்காமல் கருவியை முடுக்குதல், ஓட்டைக் குடத்தில் நீர் வார்த்தலினும் தீது. ஓட்டைக் குடம் நீரையே இழக்கும், இது வீட்டையும் அழிக்கும்.

எவ்வளவு ஈரம் போதும் என்பதற்கும் ஒரு வரையறை உண்டு. வெளியே குளிர் மிக மிக உள்ளே ஈரத்தைக் குறைக்க வேண்டும். வெளி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் 7 பாகையாயின் நூற்றுக்கு 35 வரையிலும், 12 பாகையாயின் 30 வரையிலும், 18 பாகையாயின் 25 வரையிலும் வைத்தல் வழக்கம். 20 பாகை வெப்பமும் நூற்றுக்கு 30 ஈரமும் உள்ள வளியின் பனிபடுநிலை ஏறக்குறைய 2 பாகை. வெளியே 10 பாகை உறைகுளிர் நிலவும்போது ஒற்றைக் கண்ணாடியின் உட்புறம் உறைநிலையளவுக்கு இறங்குவதால் அதில் நீர் படியும். இரட்டைக் கண்ணாடி அதனினும் வெப்பமாய் நிற்பதால் படியாது. எனவே யன்னலே வீட்டாரின் ஈரமானி. காலையில் அதில் நீர் வழிந்தால் கருவியைத் தணிக்க வேண்டும் என்பதே பொருள். சிறிய ஈரமானி ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டுதல் இன்னும் நன்று. வலைத்தட்டைக் காலந்தோறும் மாற்றி, நீர்த்தாங்கியைக் கழுவாவிடில், சுண்ணக்கறை படிவதோடு நுண்ணுயிர்களும் பெருகி, நலம் நாடிய கருவியே நோய்க்கு வாயிலாகும்.

புலம்பெயர்ந்த தமிழ் இல்லங்களில் வேறொரு நிலையும் உண்டு. நாள்தோறும் சோறு வடித்து, புட்டும் இடியப்பமும் அவித்து, துவைத்த ஆடையை உள்ளேயே உலரவிடும் இறுகிய தொடர்மாடி வீட்டில் வரட்சியன்று, மிகையீரமே குறை. கட்டிலின் பின்புறச் சுவரில் கரும்புள்ளியாய்ப் படரும் பூஞ்சணம் அதன் அடையாளம். ஈரம் நூற்றுக்கு 50 ஐக் கடந்தால் படுக்கையில் வாழும் நுண்ணிய உண்ணிகளும் பெருகி, ஈளை நோயாளரை வருத்தும். அங்கே வேண்டுவது ஈரமூட்டியன்று. அடுப்பின்மேல் உள்ள காற்றாடியை இயக்குதலே. அண்டை வீட்டார் வாங்கினர் என்பதற்காகத் தாமும் வாங்காமல், முதலில் அளந்து பின்னர் முடிவு செய்தல் வேண்டும்.

குளிர் நாட்டின் முறை குளிர் நாட்டுக்கே உரியது. இதனை மறந்தால் விளையும் இடரைக் குடாநாடே ஒருகால் எதிர்நோக்கிற்று. போரினால் வீடிழந்தோர்க்காக, 2015, 2016 ஆம் ஆண்டுகளில் வடக்கிலும் கிழக்கிலும் ஆலையிற் செய்த உருக்கு வீடுகள் 65,000 அமைக்கும் திட்டமொன்று முன்வைக்கப்பட்டது. விரைவில் வீடு கிடைக்கும் என்பது அதன் பக்கல் நின்ற வாதம். கூரையின்றி ஆண்டுகளைக் கழித்தோர்க்கு அது சிறிய வாதமன்று. ஆயினும் வெப்பம், உப்புக்காற்றால் உண்டாகும் துரு, பின்னர் விரித்துக் கட்ட இயலாமை, மிகுந்த செலவு, உள்ளூர்த் தொழிலாளர்க்கு வேலையின்மை ஆகியவற்றை எடுத்துக்காட்டி மக்கட் பிரதிநிதிகளும் பொறியியலறிஞரும் மறுத்தனர். அத்திட்டம் முன்மொழியப்பட்டவாறு நிறைவேறவில்லை. வீடொன்றுக்கு 550,000 ரூபா வழங்கி, உரியவர் தாமே கட்டுவித்துக்கொள்ள உதவிய இந்திய வீடமைப்புத் திட்டம், கல்லாலும் சீமெந்தாலும் ஆன வீடுகளையே எழுப்பிற்று. அவ்விவாதத்தில் ஈரம் மிகுதியாகப் பேசப்பட்டதன்று. ஆனால் தைமாதப் பனியில் தகரக் கொட்டிலுள் உறங்கியோர் அதனை நன்கறிவர். இரவில் உலோகத் தகடு வானை நோக்கி வெப்பத்தை இழந்து பனிபடுநிலைக்குக் கீழ் இறங்க, உள்வளியின் ஆவி அதில் ஒடுங்கி, மழையில்லாமலே விடியலிற் பாய்மேற் சொட்டும். ஓலையோ சுண்ணாம்போ அந்நீரை உறிஞ்சும், உலோகம் உறிஞ்சாது.

இன்று குடாநாட்டில் வளி குளிரூட்டும் பொறி பரவுகின்றது. இங்கே ஈரம் இயங்கும் திசை குளிர் நாட்டுக்கு நேர்மாறானது. அங்கே உள்ளிருந்து வெளியே செல்லும் ஆவி, இங்கே வெளியிருந்து உள்ளே வருகின்றது. பனிபடுநிலை 25 பாகையாயுள்ள வெளிவளி, 22 பாகைக்குக் குளிர்ந்த அறையுட் புகுந்தால், அங்குள்ள சுவரும் நூலும் நனைதல் இயல்பே. பகலில் மட்டும் பொறியை இயக்கி இரவில் நிறுத்தும் நூலக அறைகளிற் புத்தகங்கள் பூஞ்சணம் பூப்பதன் காரணம் இதுவாகும். குளிர் நாட்டு விதியைப் பின்பற்றிச் சுவரின் உட்புறத்தே ஆவித்தடுப்பை ஒட்டினால், ஈரம் சுவரினுள்ளேயே சிறைப்படும்.

இது வெறும் வசதி பற்றிய செய்தியன்று. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை அச்சேற்றியது சிதைந்த ஓலைச்சுவடிகளினின்றேயாம். மிக உலர்ந்தால் ஓலை தொட்டவுடன் முறியும். மிக ஈரமானால் பூஞ்சணமும் பூச்சியும் உண்ணும். 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. தீ ஓரிரவில் அழித்ததை ஈரம் நூறாண்டில் அழிக்கும். வேறுபாடு ஓசையில் மட்டுமே. எஞ்சிய ஏடுகள் இன்று வீடுகளிலும் மடங்களிலும் பாடசாலைகளிலும் உள்ளன. அவற்றை வைத்திருப்போர் ஈரமானி ஒன்றை அருகே மாட்டி, நாளுக்கு நாள் ஈரம் ஏறியிறங்காமற் பேணுதல், புதிய அலுமாரி வாங்குவதினும் பெருந்தொண்டாகும்.

வளியின் ஈரம் நட்புமன்று, பகையுமன்று. அளவறிந்து ஒழுகுவார்க்கு அது துணை, அறியாதார்க்கு இன்னல். கடுங்குளிர் நாட்டில் வாழ்வோர் இடுக்கடைத்து, அளந்து, வேண்டிய அளவே ஊட்டுக. குடாநாட்டில் வாழ்வோர் வளி உலாவ வழிவிட்டு, ஈரத்தை உறிஞ்சி உமிழும் சுவரைப் போற்றுக. பிற நாட்டார் வீட்டைக் கண்டு வியத்தல் தவறன்று. அவ்வீடு எந்நிலத்துக்கு எழுந்தது என வினவாமற் கொள்ளுதலே தவறு.